நேரலை வழிபாடு: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

பெருந்தொற்றில் கதவை அடைத்த வழிபாட்டுத் தலங்கள் பெரும்பாலும் கையில் எடுத்தது நேரலையைத்தான். நான் பார்த்தது எந்தத் தலத்தின் சேவை என்று சொல்லப்போவதில்லை, எந்த மதம் என்பதும் வேண்டாம், குறை நிறை எல்லாருக்கும் பொதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் தெளிவு, சொன்ன நேரத்துக்குத் தொடங்கினார்கள், காது கேளாதவர்களுக்குக் கீழே எழுத்தும் ஓடியது. தொற்று வருவதற்கு முன்பே படுத்த படுக்கையாகிக் கூட்டத்துக்கு வர முடியாமல் போனவர்களுக்கு இது பெரிய வரம்.

இனி குறை. நடத்துபவர் ஒரு வரி சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும், ஆனால் அங்கே கூட்டம் இல்லை. அந்த இடைவெளியில் நாம் வீட்டில் தனியாக முணுமுணுத்து முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நெஞ்சுருகிக் கண்ணை மூடும் நேரத்தில் ஷாம்பூ விளம்பரம் வேறு. ஓரத்து அரட்டைப் பெட்டியில் பாதி ஆமென், பாதி ‘சத்தம் வரல, சத்தம் வரல’. (சரி, ஆமென் போட்டதும் மதம் தெரிந்துவிட்டது, போகட்டும்.)

‘அதான் நேரலை இருக்கிறதே, கதவை மூடினால் என்ன நஷ்டம்’ என்று கேட்டவர்கள் உண்டு. இதற்கு நீதிமன்றங்களே விமர்சனம் எழுதிவிட்டன. நியூயார்க்கில் தொற்று அதிகமுள்ள பகுதிகளில் வழிபாட்டுக்கு 10 பேர், அதற்கடுத்த நிலைப் பகுதிகளில் 25 பேர் என்று வைத்த வரம்பை 2020 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நிறுத்தி வைத்தது. தொலைவிலிருந்து பார்ப்பதும் நேரில் போவதும் ஒன்றல்ல என்றது. 2021 மார்ச்சில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், இணையத்தில் நடப்பது வழிபாட்டுக்கு மாற்றாக இருக்கலாம், அதுவே வழிபாடு ஆகாது என்று சொல்லி, தலங்களை ஒட்டுமொத்தமாக மூடியது சட்டப்படி செல்லாது என்றது. எனக்கும் அதே கருத்துதான்.

அதற்காகக் கதவை அகலத் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், நோய் கண்டவர்கள் 53 பேர் (உறுதியானவை, சந்தேகத்துக்குரியவை இரண்டும் சேர்த்து), இருவர் இறந்தார்கள். அது வழிபாடுகூட இல்லை, வெறும் பாட்டுப் பயிற்சி. மூடிய அறை, நெருக்கமான இருக்கை, நீண்ட நேரம், உரக்கப் பாடுவது, இவைதான் ஆபத்து, பாட்டு சாமிப் பாட்டா சினிமாப் பாட்டா என்று கிருமி பார்ப்பதில்லை. அதனால் கட்டுப்பாடும் இவற்றின் மேல்தான் விழ வேண்டும். கடைக்கு ஒரு நியாயம், கோயிலுக்கும் மசூதிக்கும் சர்ச்சுக்கும் வேறொரு நியாயம் என்றால் மக்கள் எரிச்சலாவார்கள், அப்புறம் நியாயமான விதியையும் மதிக்க மாட்டார்கள். கலிபோர்னியா வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உள்ளரங்க வழிபாட்டுத் தடையை நிறுத்திவிட்டு, இடம் கொள்ளும் அளவில் கால்வாசிப் பேர் என்ற வரம்பையும் பாட்டுக்கான தடையையும் அப்படியே விட்டது. கிட்டத்தட்ட சரியான இடம் என்பேன்.

இந்தச் சேவையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, நேரில் வருபவர்களுக்காகப் பின்னால் சேர்த்த முன்பதிவுப் பக்கம். எத்தனை பேர் வருகிறீர்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஜன்னல்கள் திறந்திருக்கும், போர்வை கொண்டுவாருங்கள், பாட்டு கிடையாது என்று பட்டென்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடலாம் என்றால் ஐந்துக்கு ஐந்து.

ஒரு நட்சத்திரம் போனது சத்தக் கோளாறுக்கும் விளம்பரத்துக்கும். இன்னொன்று, கட்டுப்பாடு முழுதாக நீங்கிய வாரமே அறிவிப்பு எதுவும் இல்லாமல் நேரலையை நிறுத்தியதற்கு. படுக்கையில் இருந்தவர்கள் அப்போதும் படுக்கையில்தான் இருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவே இல்லை.