எஸ்டிபியா, டிவாட்ஸா? காட்பாடி பக்கம் கட்டுவோருக்கு

கழிவுநீரைச் சுத்திகரிக்க எஸ்டிபி (இயந்திரத்தால் காற்று ஊதிச் சுத்திகரிக்கும் நிலையம்) வைப்பதா, டிவாட்ஸ் (அந்தந்த இடத்திலேயே, பெரும்பாலும் மின்சாரம் இல்லாமல் சுத்திகரிக்கும் அமைப்பு) வைப்பதா? வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் விடுதி, குடியிருப்பு கட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி இது.

காற்று ஊதும் எஸ்டிபி முறை 1914-ல் மான்செஸ்டரில் பிறந்தது. டிவாட்ஸை ஜெர்மனியின் போர்டா அமைப்பு பல நாட்டு வல்லுநர்களோடு சேர்ந்து வளர்த்தது. இங்கே அதை அமைக்க பெங்களூருவின் சிடிடி சொசைட்டி என்ற தொண்டு அமைப்பு கைகொடுக்கிறது.

இடம்: எஸ்டிபி ஒரு மூலையில் அடங்கிவிடும். டிவாட்ஸுக்கு நிலம் வேண்டும்.

கரண்ட்: முடிவைத் தீர்மானிப்பது இதுதான். எஸ்டிபியில் கரண்ட் போய் ப்ளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) பல மணி நேரம் நின்றால் நுண்ணுயிர்கள் மூச்சு முட்டிச் சாகும், நாற்றம் கிளம்பும். டிவாட்ஸில் கழிவுநீர் தடுப்புச்சுவர் அறைகளில் இறங்கி ஏறி, அடிச்சேற்றின் ஊடே நகரும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். அடுத்து கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. நிலம் சரிவாக இருந்தால் மோட்டாரே தேவையில்லை. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த முறை உண்டு.

பராமரிப்பு: எஸ்டிபிக்கு தினமும் பழகிய ஆள். டிவாட்ஸுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு உறிஞ்சும் வண்டி. எந்தத் தொட்டியிலும் மனிதரை இறக்காதீர்கள், உயிர் போகும்.

மறுபயன்: கழிப்பறை ஃப்ளஷுக்கு எஸ்டிபியோடு ஃபில்டர் நல்லது. தோட்டத்துக்கு டிவாட்ஸ் நீரே போதும்.

நெருக்கமான அடுக்குமாடிக்கு எஸ்டிபி. இடமுள்ள பள்ளி, விடுதிக்கு தயங்காமல் டிவாட்ஸ்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பட்டறைக் கழிவுக்கு இரண்டும் ஆகாது. குரோமியமும் உப்பும் கலந்த அந்த நீர் தோல் பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே போக வேண்டும். பாலாறு கெட்டது அந்தத் தோல் கழிவால்தான். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது.