மோல்மீன் பயணம்: டயர் வெடித்தால் எந்தக் கதவால் இறங்குவது?

விமான நிலையம், விடுதி, பணமாற்று, சிம் அட்டை ஆகியவற்றைப் பற்றி எழுத எதுவும் இல்லை. எல்லாம் நன்றாகவே நடந்தன. பர்மாவில் உள்ள மோல்மீனுக்குப் போன இந்த 2019 பங்குனிப் பயணத்தில் எழுதியே தீர வேண்டியது ஒன்றுதான். வாடகை வேன்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் விதம் அது. சிங்கப்பூர் திரும்பிய பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

மோல்மீன்காரர்களுக்குப் பழைய வழி நினைவிருக்கும். ரயிலேறி மார்த்தபானில் இறங்குவோம். மூட்டை முடிச்சுகளோடு ஃபெரியில் சால்வின் ஆற்றைக் கடந்தால் எதிரே ஊர். 2005இல் பாலம் திறந்த பிறகு அதெல்லாம் போயிற்று. ரங்கூனில் ஏறினால் வாசலில் இறங்கலாம் என்றார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. தங்கைக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அதனால் ஒரு டொயோட்டா ஹையேஸ் வேன் பேசினோம். வெள்ளை உறை போட்ட இருக்கைகள், ஏசி, கண்ணாடியில் மல்லிகைச் சரம் என்று பார்க்க லட்சணமான வண்டி.

பிலின் தாண்டித் தட்டோன் வருவதற்கு முன், ஒரு சிறு பாலத்தின் இறக்கத்தில் பின்பக்க இடது டயர் வெடித்தது.

பர்மாவில் வண்டி ஓட்டாதவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் வைத்துவிட்டுப் போன இடப்பக்கப் போக்குவரத்தை ராணுவ ஆட்சியாளர் நே வின்னின் அரசாங்கம் 1970 டிசம்பரில் ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றியது. சாலை மாறியது, வண்டிகள் மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கெல்லாம் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். அந்த நாட்டின் வேன்கள் பலவற்றில் பயணிகளுக்கான இழுகதவும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் இடப்பக்கம். ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் இடப்பக்கம் என்றால் நடைபாதை, இறங்கினால் பத்திரம். பர்மாவில் இடப்பக்கம் என்றால் நடுச்சாலை. பழைய ரங்கூன் பஸ்களில் கதவு திறந்ததும் ஓடும் கார்களுக்கு நடுவில் குதித்த நம் தலைமுறைக்கு இது பழகிய சங்கதி. 2017இல் நகரப் பஸ்களைச் சீரமைத்துப் புதிய வண்டிகள் விட்டார்கள். இறக்குமதிக்கும் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிதான் வேண்டும் என்று விதி வந்தது. ஆனாலும் ஏற்கெனவே ஓடுகிற லட்சக்கணக்கான வண்டிகள் அப்படியேதான் ஓடுகின்றன.

ஆக, எங்கள் வேன் சாலையின் வலது ஓரத்தில் நிற்கிறது. வெடித்த சக்கரம் போக்குவரத்தின் பக்கம். பிள்ளைகள் இறங்க வேண்டிய கதவும் போக்குவரத்தின் பக்கம். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தார்ச்சாலையின் மேலேயே இருந்தன. பாலத்தின் முதுகைத் தாண்டி இறங்குகிற லாரிக்காரன் கடைசி நொடியில்தான் எங்களைப் பார்ப்பான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் இருபத்திரண்டு மீட்டர் ஓடிவிடும். அவன் பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

ஓட்டுநர் ரங்கூன் தமிழ்ப் பையன், நல்ல பிள்ளை. "அண்ணே, யாரும் இறங்க வேண்டாம். ஐந்தே நிமிடம், மாற்றிவிடுகிறேன்" என்றான்.

"தம்பி, இங்கே மாற்ற வேண்டாம். மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டு போ. சமதளமாக ஓர் இடம் பார்ப்போம்" என்றேன்.

"காற்றில்லாமல் ஓட்டினால் ரிம் கெட்டுவிடும் அண்ணே. முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்."

ரிம்முக்கான பணத்தை நான் தருகிறேன் என்றேன். அவன் முதலாளிக்குத் தொலைபேசியில் பேசினான். அவர் சொன்ன பதில் ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது: வண்டியை நகர்த்தக் கூடாது, அங்கேயே மாற்று, ஆட்கள் உள்ளேயே இருக்கட்டும்.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையில் இருக்கிறேன். தூக்கி நிறுத்திய எந்தப் பொருளின் மேலும் கீழும் ஆள் இருக்கக் கூடாது என்பதைத் தினமும் காலையில் தொழிலாளர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். இவரோ ஒரு மூதாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் உள்ளே வைத்தபடி ஜாக்கி போடச் சொல்கிறார். சிங்கப்பூர் விரைவுச்சாலையில் வண்டி நின்றால் கேமராவில் பார்த்துவிட்டு ஆள் வந்துவிடும். பக்கத்து வாகன நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள். அந்த வசதியை நான் இங்கே எதிர்பார்க்கவில்லை. உயிருக்குக் கொடுக்கும் மதிப்பை எதிர்பார்த்தேன். அதற்குக் காசு செலவில்லையே.

அவர்களை இறக்கியது பெரும்பாடு. ஹையேஸில் முன்னிருக்கைகளின் அடியில் எஞ்சின். அந்த மேட்டில் ஏறி, ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி, வலக் கதவால் இறங்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். புடவை கட்டிய அம்மா, வலிக்கிற முழங்காலோடு, "முருகா முருகா" என்றபடி ஏறி இறங்கினார். பிறகு எல்லோரையும் ஓரப் பள்ளத்தைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு அடியில், வண்டிக்கு வெகுதூரம் பின்னால் நிற்க வைத்தேன். மோதினால் வண்டி எந்தப் பக்கம் பாயும் என்று எண்ணித்தான் அந்த இடம்.

வண்டியில் எச்சரிக்கை முக்கோணம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இல்லை. ஜப்பானிய வண்டிகளில் முன்னிருக்கைக் கால்பக்கம் சிவப்புக் குழல் ஒன்று இருக்குமே, அது மட்டும் இருந்தது. ஆபத்தில் கொளுத்தி வைக்கும் தீப்பந்தம் அது. ஐந்து நிமிடம் எரியும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அது என்னவென்று பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஜாக்கியைத் தளத் தகட்டின் கீழே, செம்மண்ணும் ஜல்லியுமான விளிம்பில் வைத்துத் தூக்கிவிட்டான். நட்டுகளை முன்கூட்டியே தளர்த்தவில்லை. சக்கரம் அந்தரத்தில் சுழல, அவன் ஸ்பானரை உலுக்க, வண்டி ஆடியது. கைப்பிரேக் பிடிக்காது என்று பிறகுதான் தெரிந்தது. கியரில் போட்டால் போதும் என்று எண்ணியிருக்கிறான். பின்சக்கரத்தால் ஓடுகிற வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் நிறுத்தாது. இரு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் பல்சக்கரங்கள் வழியாக அந்தரச் சக்கரம் சுழன்றுகொள்ளும். தரையில் இருக்கிற சக்கரம் தன் போக்கில் உருளும். அதுதான் நடந்தது. வேன் ஒரு முழம் முன்னே நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து தெறித்தது. பையன் பின்னால் விழுந்தான். பின்னால் என்றால் சாலையில்! அந்த நேரத்தில் எந்த வண்டியும் வரவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது.

இதற்குப் பிறகு நடந்ததை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. இறக்கத்தின் அடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் சத்தம் கேட்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர், லுங்கி, தனாக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசிய முகம். பர்மியர் என்றே நினைத்தேன். அம்மாவைப் பார்த்ததும், "தாயி, வெயிலில் நிற்காதீர்கள். கடையில் போய் உட்காருங்கள், தண்ணீர் இருக்கிறது" என்று தமிழில் சொன்னார். அம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அவர் ஜாக்கியைத் தொடவே இல்லை. முதலில் இரண்டு பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு பாலத்தின் மறுபக்கம் ஏறிப்போனார். ஒன்றை மேட்டுக்கு அப்பால், ஏறி வருகிறவன் கண்ணில் படும்படி போட்டார், மற்றொன்றை மேட்டுக்கும் வண்டிக்கும் இடையில். வண்டிக்குப் பின்னால் பத்தடியில் கல்லை அடுக்குவார்களே, அது யாருக்கும் உதவாது. மேட்டின் மறைவைத் தாண்டிப் போட்டாரே, அதில் இருக்கிறது அறிவு. பிறகு பையனிடம் திரும்பினார். "தம்பி, ஏறு. மெதுவாக உருட்டு. தோட்டத்துப் பாதைக்குள் விடு."

"ரிம், பெரியப்பா..."

"ரிம் கடையில் கிடைக்கும். உன்னைக் கடையில் வாங்க முடியுமா?"

தோட்டப் பாதை சமதளம். சாலையை விட்டு முழுதாக விலகியது. அங்கே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். தரையில் இருக்கும்போதே ஆறு நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்தினார். ஸ்பேர் வேனின் வயிற்றடியில் சங்கிலியில் தொங்கியது; துருவேறி இறங்க மறுத்ததால் தட்டித் தட்டி இறக்கினார். அதில் காற்றும் போதவில்லை! அவர் மகன் மோட்டார் சைக்கிளில் அதைக் கடைக்குக் கொண்டுபோய் நிரப்பி வந்தான். ஒரு பலகையைத் தரையில் போட்டு, அதன் மேல் ஜாக்கியை வைத்து, பின் அச்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். ஸ்பேரை வண்டிச் சட்டத்தின் கீழே படுக்க வைத்துவிட்டுத்தான் வெடித்த சக்கரத்தைக் கழற்றினார். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும், ஆள் மேல் உட்காராது. கழற்றியதும் இரண்டையும் இடம் மாற்றினார். இத்தனைக்கும் வண்டிக்குக் கீழே அவர் கையைத் தவிர எதுவும் போகவில்லை.

பையன் போல்ட்டுகளில் எஞ்சின் எண்ணெய் தடவப் போனான். துணியால் துடைக்கச் சொன்னார். எண்ணெய் பட்டால் அதே இழுப்புக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகி, போல்ட் நீண்டுவிடும். நட்டின் கூம்பு முனை ரிம்மைப் பார்க்கக் கையால் திருகினார். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினார். கீழே இறக்கிய பிறகு இறுதி இறுக்கம். ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதிக்கும் பழக்கத்தை அவர் அனுமதிக்கவில்லை. கால் மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் நாற்பது கிலோ எடை அழுத்தினால் நூறு நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்துவிடும். இவ்வகை வேனுக்குத் தேவை அதை ஒட்டியதுதான். முழு ஆள் ஏறி நின்றாலே அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கடையில் உட்கார்ந்து கிழிந்த டயரைப் புரட்டிக் காட்டினார். பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்கள் 0810; அதாவது 2010ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்தது. ஒன்பது வயது. ஜப்பானில் கழித்துப் போட்டது இங்கே "புதிது" என்று விலைபோகிறது. தரையில் படும் மேல் பட்டன் நன்றாகவே இருந்தது. பக்கச் சுவர்தான் உட்பக்கம் நூல்நூலாகத் தேய்ந்திருந்தது. "கோடைக்குக் காற்றை இறக்கினாயா?" என்று பையனைக் கேட்டார். ஆம் என்றான், முதலாளி சொன்னாராம், வெயிலில் காற்று விரிந்து டயர் வெடிக்கும் என்று. நம் ஊரில் நான் சிறுவனாக இருந்தபோதே கேட்ட பேச்சு இது, முற்றிலும் தவறு. வெப்பத்தில் அழுத்தம் கொஞ்சம் கூடும்தான். அதையும் கணக்கில் வைத்தே தயாரிப்பாளர் அளவு சொல்கிறார். காற்று குறைந்தால்தான் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடேறி நூல் அறுந்துபோகும். சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. எண்களையாவது பார்க்கலாமே! கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகில் இருக்கும், நூறு கிலோபாஸ்கலுக்குச் சதுர அங்குலத்துக்குப் பதினான்கரை பவுண்டு. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலையில் நிரப்ப வேண்டும்.

பெரியவர் கேட்டது ஐயாயிரம் கியாட். அப்போது சிங்கப்பூர்க் காசில் ஐந்து வெள்ளிகூட இல்லை. கூடுதலாகக் கொடுத்ததை அம்மாவின் கையில் திணித்துவிட்டார். தட்டோனில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார். பார்த்தோம், இரண்டு நட்டுகள் இன்னும் கொஞ்சம் திரும்பின.

வேன் முதலாளிக்கு எழுதினேன். முக்கோணம், முட்டுக்கட்டை, பலகை, காற்று அளக்கும் மானி எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் வாடகையில் பாதிகூட ஆகாது. ரிம்முக்காகப் பையனின் சம்பளத்தைப் பிடிக்கிற வழக்கத்தை நிறுத்துங்கள், அந்தப் பயம்தான் வண்டியை நடுச்சாலையில் நிறுத்துகிறது என்றும் எழுதினேன். பதில் இல்லை.

திரும்பும் பயணத்துக்கு மோல்மீனில் வேறொருவரிடம் வேன் பேசினோம். முன்பணம் கொடுக்கும் முன் கைப்பிரேக்கை இழுத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், பிடித்தது. ஐந்து டயர்களின் எண்களையும் படித்தேன். ஸ்பேரை இறக்கிக் காட்டச் சொன்னபோது உரிமையாளர் முகம் சுளித்தார். வெளிநாட்டுக்காரர்களின் வழக்கம் என்று முணுமுணுத்தார். இறக்கினார். மானியை வைத்தால் தேவையில் பாதிதான் காற்று. அதை நிரப்பி, இரண்டு கட்டைகளும் ஒரு பலகையும் உள்ளே வந்த பிறகே அம்மாவை ஏற்றினேன்.