பாதி கை, பாதி மெஷின்: நியூ ஆர்டரின் 'பவர், கரப்ஷன் & லைஸ்'

இங்கிலாந்தின் மான்செஸ்டர் இசைக்குழுவான நியூ ஆர்டரின் இரண்டாவது ஆல்பம். ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் 1983 மே மாதம் வெளியிட்டது. எட்டுப் பாட்டு, சுமார் 42 நிமிடம். இந்தக் குழு சின்த்-பாப், அதாவது சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியை மையமாக வைத்த பாப், பக்கம் திரும்பிய இடம் என்று எல்லோரும் இதைக் காட்டுவார்கள். சரிதான், ஆனால் பாதி திரும்பிய நிலையில் பிடித்த படம் இது. கையால் வாசித்ததும் மெஷின் வாசித்ததும் ஒரே பாட்டுக்குள் இழுபறி செய்துகொண்டிருக்கின்றன. அந்த இழுபறிக்காகவே இதை வாங்கலாம்.

முன்கதை சுருக்கமாக. 1980 மே மாதம் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்ததோடு அவர்களின் பழைய குழுவான ஜாய் டிவிஷன் முடிந்தது. மிச்சமிருந்த பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மோரிஸ் மூவரும் நியூ ஆர்டர் ஆனார்கள். கீபோர்டுக்கும் கிதாருக்கும் கில்லியன் கில்பர்ட் வந்து சேர்ந்தார். 1981இல் வந்த முதல் ஆல்பம் 'மூவ்மென்ட்' தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டின் கையில் உருவானது. குரல் எதிரொலிக்குள் புதைந்து கிடக்கும், பழைய குழுவின் துக்கம் போகவே இல்லை. இந்த முறை ஹானெட் இல்லை. 1982 கடைசியில் லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து தாங்களே தயாரித்தார்கள். குரல் முன்னால் வந்தது. இப்போது பாடும் சம்னர் தேர்ந்த பாடகர் இல்லை என்பதும் அதனால் பளிச்சென்று தெரிகிறது. அதை மறைக்காமல் விட்டதே நல்லது.

முக்கியமான கருவிகள் மூன்று: ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின், மூக் சோர்ஸ் சின்த், சம்னர் கிட் வாங்கித் தானே சால்டர் செய்து கோத்த பவர்ட்ரான் சீக்வென்சர் (ஏற்றிவைத்த ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கவைக்கும் கருவி). வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை இணைக்கும் மிடி அப்போதுதான் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. இவர்கள் வேலை செய்தபோது அந்த வசதி கிடையாது. ஒரு ஸ்வரம் எது, எத்தனை படி நீளம் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு படி விட்டுப்போனால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தாளத்தைவிட்டு நகர்ந்துவிடும். இதே காலத்தில் தனி சிங்கிளாக வந்த 'ப்ளூ மண்டே'யில் அப்படித்தான் நடந்தது. கில்பர்ட் ஏற்றியபோது ஒரு ஸ்வரம் விட்டுப்போக, சின்த் மெட்டு தாளத்துக்குச் சற்று விலகியே ஓடுகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கவனித்துக் கேட்டால் தெரியும்.

ஆல்பத்தைத் திறக்கும் 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்' பாட்டில் முதலில் பேஸ் கிதார் மட்டும். பேஸ் என்றாலும் ஹூக் மேல் கம்பிகளில், மேல் ஸ்தாயியில், ஒரு மெட்டையே வாசிக்கிறார். பிறகு மோரிஸின் டிரம்ஸ் ஓட்டமாக நுழைகிறது, அதன்மேல் கிதார் வெட்டு, அதற்கும் மேல் சின்த் வயலின்கள் போல விரிகின்றன. டிரம்ஸ் முழுக்கக் கையால் வாசித்தது. அதனால்தான் ஐந்து நிமிடமும் ஒரே வேகத்தில் போனாலும் மூச்சு இருக்கிறது. கடைசியில் வரும் கிதார் உரசல் தனி வாசிப்பே இல்லை, தாளம்தான். குழுவின் மொத்தக் கணக்கும் இந்த ஒரு பாட்டிலேயே இருக்கிறது: சாதாரணமாக அடியில் கிடக்க வேண்டிய பேஸ் மெட்டைத் தூக்கிக்கொள்ள, கிதார் தாளத்துக்கு இறங்கிவிடுகிறது.

அதற்கு நேர் எதிர் முனை, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் 'யுவர் சைலன்ட் ஃபேஸ்'. சீக்வென்சர் ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேலே அகலமான சின்த் விரிப்பு. ஜெர்மானியக் குழு கிராஃப்ட்வெர்க்கின் பாதிப்பை அவர்களே மறைக்கவில்லை. பாட்டுக்கு வைத்திருந்த தற்காலிகப் பெயரே 'கேடபிள்யூ1'. ஆனால் நடுவில் வாயால் ஊதும் மெலோடிக்கா வருகிறது, ஹூக்கின் பேஸ் வருகிறது. இயந்திரத்தின் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த மெலோடிக்காவின் லேசான நடுக்கம் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! கடைசி வரியில் சம்னர் திடீரென்று எரிந்து விழுவதும் அந்த அழகு சர்க்கரைப்பாகாக உறையாமல் காக்கிறது. ஆல்பத்தின் உச்சம் இதுதான்.

'5 8 6' ஏழரை நிமிடம். முதல் இரண்டு நிமிடம் எங்கே போகிறது என்று தெரியாமல் தள்ளாடும், அங்கேயே தாண்டிவிடாதீர்கள். அதன்பின் கிளம்பும் டான்ஸ் தாளம் 'ப்ளூ மண்டே'யின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே எலும்புக்கூட்டில் வளர்ந்தவை. 'தி வில்லேஜ்' இலகுவான, சந்தோஷமான பாட்டு. 'வி ஆல் ஸ்டாண்ட்' மந்தமாக நகர்கிறது. 'அல்ட்ராவயலன்ஸ்' தாளத்தால் நிற்கிறது, மெட்டு போதாது. 'எக்ஸ்டசி' வோகோடர் குரலை, அதாவது மெஷின் பேசுவது போல மாற்றிய குரலை, வைத்து ஓட்டிய அரைப் பாட்டு. கடைசிப் பாட்டு 'லீவ் மீ அலோன்' மறுபடி கிதாரும் பேஸும் பின்னிக்கொண்டு போவது. சின்த்-பாப் ஆல்பம் என்று பெயர் வாங்கியது இப்படிக் கம்பிக் கருவிகளில் முடிகிறது!

கேட்பதற்கு ஒரு யோசனை. ஃபோன் ஸ்பீக்கரில் ஹூக்கின் பேஸ் உயரமாக இருப்பதால் தப்பித்துவிடும். அடியில் உருளும் சின்த் பேஸ் காணாமல் போகும். '5 8 6' அப்போது வெறும் டிக்-டிக் ஆகிவிடும். நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும். சத்தத்தில் பேஸைக் கூட்டும் ஈக்வலைசர் வேண்டாம், அது கீழ் ஸ்தாயியைக் கொழுக்கவைத்து மேலே ஓடும் பேஸ் மெட்டை மூடிவிடும்.

எந்தப் பதிப்பு? எட்டுப் பாட்டு மட்டும் உள்ள சிடியோ இசைத்தட்டோ போதும். பக்கத்துக்கு நான்கு பாட்டு, முதல் பக்கம் 22 நிமிடத்துக்குச் சற்று மேல், இரண்டாவது 20. வட அமெரிக்காவில் வந்த பழைய பதிப்புகள் சிலவற்றில் 'ப்ளூ மண்டே'யும் 'தி பீச்'சும் சேர்ந்திருக்கும். கூடுதல் பாட்டு லாபம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே எலும்புக்கூட்டுப் பாட்டு இரண்டு ஒரே ஆல்பத்தில் வந்து '5 8 6'இன் வேலையைக் கெடுக்கிறது. 2008இல் வந்த இரட்டை சிடி பதிப்பைப் பழைய கடையில் பார்த்தால் யோசித்து வாங்குங்கள். அதன் முதல் அச்சில் இரண்டாவது சிடியின் ஒலியில் குறைகள் இருந்தன, பிறகு திருத்திய அச்சு வந்தது. 2020 பெட்டிப் பதிப்பில் இசைத்தட்டு, சிடி, டிவிடி, புத்தகம் எல்லாம் உண்டு. பாட்டுகள் உருவான கட்டத்துப் பதிவுகளும் 1982 ஜான் பீல் வானொலி நிகழ்ச்சிப் பதிவும் அதில் இருப்பதால், மெஷினை எந்த இடத்தில் எப்படி நுழைத்தார்கள் என்று பின்தொடர நினைப்பவருக்கு அந்த விலை தகும். மற்றவருக்குத் தேவையில்லை.

அட்டைக்காகவும் ஒரு பிரதி கையில் இருப்பது நல்லது. வடிவமைப்பு பீட்டர் சாவில். ஆன்ரி ஃபான்டன்-லடூர் 1890இல் வரைந்த ரோஜாக் கூடை ஓவியம்; குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. வலது மேல் மூலையில் சில வண்ணக் கட்டங்கள் மட்டும். அவை எழுத்துகள். படிக்கும் சாவியான வண்ணச் சக்கரம் பின்னட்டையில் இருக்கிறது, ஸ்ட்ரீமிங் ஆப்பில் முன்னட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அது கிடைக்காது. அதே சக்கரத்தை வைத்து 'ப்ளூ மண்டே' உறையின் ஓரத்து வண்ணங்களையும் படிக்கலாம்.