நடந்து எரித்த கலோரியை வாட்ச் திருப்பித் தருகிறது, வாங்கிக்கொள்ளாதீர்கள்

இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற ஃபிட்னஸ் வாட்ச் ஒன்றையும், அதோடு இணைத்து ஓட்டுகிற கலோரி ஆப் ஒன்றையும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை. நான் பார்த்தவரை இந்த விலையில் வருகிற வாட்ச்கள் ஏறக்குறைய ஒரே ரகம், ஆப்களும் அப்படித்தான், கோளாறும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் கையில் இருப்பது எதுவானாலும் இது பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டெப்ஸ் எண்ணுவதில் பெரிய குறை இல்லை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கையை வீசி நடந்தால் தூரம் ஃபோன் ஜிபிஎஸ் காட்டுவதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. கையில் காய்கறிப் பை இருந்தால் கோட்டை விடுகிறது, சப்பாத்தி மாவு பிசைந்தால் நின்ற இடத்திலேயே ஸ்டெப்ஸ் ஏறுகிறது, குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஓட்டினாலும் அதே கதை. கை அசைவை வைத்து எண்ணுகிற கருவிக்கு இதெல்லாம் சகஜம். பேட்டரி ஒரு வாரம் தாராளமாக நிற்கிறது. ஸ்ட்ராப் மட்டும் வேர்வையில் அரிக்கிறது, துணி ஸ்ட்ராப் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டால் சரி.

பெட்டியைப் பிரித்ததுமே பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்று இலக்கு வைத்திருக்கும். அது டாக்டர் யாரும் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965இல் யமாசா என்ற ஜப்பான் கம்பெனி இடுப்பில் மாட்டுகிற பெடோமீட்டர் ஒன்றை விற்றபோது பிரபலமான எண். அது இன்றுவரை நம்மைத் துரத்துகிறது. நம் அரசு 2023இல் மாவட்டம்தோறும் தொடங்கிய ஹெல்த் வாக் பாதைகளின் 8 கிலோமீட்டரும் ஏறக்குறைய இதே கணக்குதான். நடப்பவர்கள் தாராளமாக நடக்கட்டும். ஆனால் 2019இல் வயதான பெண்களை வைத்து ஹார்வர்ட்காரர்கள் வெளியிட்ட ஆய்வில் 4,400 ஸ்டெப்ஸ் வாக்கிலேயே இறப்பு விகிதம் குறையத் தொடங்கியது, 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. ஆகவே இலக்கை ஏழாயிரத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டால் குடி முழுகிவிடாது.

இனி கோளாறுக்கு வருவோம். கலோரி.

ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்றுச் சுற்றினால் 5 கிலோமீட்டர், நல்ல வேகத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். என் எடை 80 கிலோ. நடந்து முடித்ததும் வாட்ச் 380 கலோரி என்று காட்டுகிறது. அந்த வேகத்துக்கு உடற்பயிற்சிக்காரர்கள் போடுகிற கணக்குப்படி, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல மூன்றரை மடங்கு செலவு, அதாவது சுமார் 280. அதிலும் 80 கலோரி நான் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலே போயிருக்கும். நடந்ததால் கூடுதலாகச் செலவானது 200தான். இது என் வாட்ச்சின் தனிக்குணமும் இல்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கைக்கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இதயத்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை, மோசமானது 93 சதவீதம்.

வாட்ச் தப்பாகக் காட்டிவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. அதை ஆப் அப்படியே எடுத்து ‘இன்று இன்னும் 380 கலோரி சாப்பிடலாம்’ என்று பச்சை எழுத்தில் போடுகிறது பாருங்கள், அங்கேதான் மொத்தமும் கவிழ்கிறது. என் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். உயரம் 168 செ.மீ., வயது 42. எடை, உயரம், வயதை வைத்துக் கணக்குப் போடுகிற மிஃப்லின் சூத்திரப்படி, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் செலவு 1,645 கலோரி. ஆபீசில் உட்கார்ந்தே வேலை என்பதால் 1.2ஆல் பெருக்கினால் 1,974. நடைக்கு 200 சேர்த்தால் ஒரு நாளின் உண்மையான செலவு 2,174. ஆப்பில் முதல் நாள் ‘உங்கள் நாள் எப்படிப் போகும்’ என்று ஒரு கேள்வி வரும். தினமும் நடக்கிற மனுஷன் இயல்பாகவே ‘லேசான உழைப்பு’ என்பதை அமுக்குவான். உடனே அது 1.375ஆல் பெருக்கி 2,262 என்று வைத்துக்கொள்கிறது, அதாவது நடையை ஒரு தடவை சேர்த்தாயிற்று. அப்புறம் வாட்ச்சிலிருந்து 380 வருகிறது, இரண்டாம் தடவை. மொத்தம் 2,642. எடை குறைய 500 கழித்து, 2,142 சாப்பிடலாம் என்கிறது. உண்மைச் செலவு 2,174 என்றால் பற்றாக்குறை 32 கலோரி. ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை. ‘தினமும் நடக்கிறேன், ஆப் சொன்னபடிதான் சாப்பிடுகிறேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை’ என்று புலம்புகிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, ஆப் சொன்னதைத்தான் செய்கிறார்கள்.

இதற்கு வழி ஒன்றுதான். வேலை அளவில் ‘உட்கார்ந்த வேலை’ என்று வையுங்கள், உடற்பயிற்சிக் கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிற செட்டிங்கை அணையுங்கள். அது மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்துகொண்டிருக்கும். சில ஆப்களில் அணைக்கவே முடியாது, அப்போது வாட்ச் இணைப்பையே துண்டித்துவிடுவது உத்தமம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

சாப்பாடு எழுதுகிற பகுதிக்கும் ஒரு வார்த்தை. ‘சாம்பார் ஒரு கப்’ என்று தேடினால் 60இலிருந்து 200 வரைக்கும் வரிசையாக வருகிறது, எது யார் வீட்டுச் சாம்பார் என்று அந்தச் சாமிக்கே வெளிச்சம். பொங்கலில் எவ்வளவு நெய், பொரியலில் எவ்வளவு எண்ணெய் என்று எந்த ஆப்புக்கும் தெரியாது. நான் எண்ணெயை ஆப்பில் எழுதுவதையே விட்டுவிட்டு, மாதக் கணக்காகப் பார்க்கிறேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் நாலு லிட்டர் காலியானால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 275 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் போகிறது. ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடைப்பதே 200தான் என்று மேலே பார்த்தோம் இல்லையா, மூன்று லிட்டருக்கு இறக்கினாலே 70 மிச்சம்.

சாதத்துக்குச் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன், வாட்ச் விலையில் கால்வாசிகூட இல்லை. வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி. எங்கள் வீட்டுக் கரண்டியில் குவித்து ஒரு தடவை அள்ளினால் 110 கிராம் வருகிறது, மூன்று கரண்டிக்கே 430 ஆகிவிடும். இரண்டாம் சோறு, ரசத்துக்கு, மோருக்கு என்று நம் ஆட்கள் கரண்டியை எண்ணுவதே இல்லை. தட்டைத் தராசில் வைத்தபோது அம்மா, “சோத்தை நிறுத்துத் திங்கற வூட்டை இப்பத்தான் கண்ணு பாக்கறேன்” என்றார். சொல்லிவிட்டுத் தன் தட்டையும் வைத்துப் பார்த்தார் என்பது வேறு விஷயம்.

காலை நடை முடிந்த கையோடு ஹோட்டலில் போய் உட்காருகிற பழக்கம் ரேஸ்கோர்ஸ் பக்கம் ரொம்பவே உண்டு. நெய் மிதக்கிற பொங்கல், ஒரு வடை, சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி என்றால் 600 கலோரிக்குக் குறையாது. இட்லி ஒன்று 50, 60தான் ஆகும், மூன்று இட்லியும் சாம்பாரும் என்றால் பாதிக்கும் கீழே முடிந்துவிடும். நடையை நிறுத்தச் சொல்லவில்லை. தூக்கத்துக்கு, சர்க்கரைக்கு, முழங்காலுக்கு, முக்கியமாக இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருக்க நடைதான் கைகொடுக்கிறது. எடையை இறக்குகிற வேலையில் பெரும்பங்கு தட்டுக்குத்தான். 2016இல் பிட்ஸ்பர்க்கில் இரண்டு வருடம் நடத்திய ஆய்வில் சாதாரணமாக டயட்டும் பயிற்சியும் செய்தவர்கள் சராசரி 5.9 கிலோ இறங்கினார்கள், அதோடு கருவியும் மாட்டிக்கொண்டவர்கள் 3.5 கிலோதான். ஏன் என்று ஆய்வு உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பச்சை எழுத்து மேல்தான் சந்தேகம்.

ஆப் பிரீமியம் சந்தா கேட்டுத் தினமும் நச்சரிக்கும், கட்டாதீர்கள், அதில் வருகிற டயட் பிளானில் ஓட்ஸும் அவகாடோவும்தான் இருக்கிறது. வாட்ச்சுக்கு ஐந்துக்கு மூன்றரை. ஆப்புக்கு இரண்டு, அந்த செட்டிங்கை அணைத்தால் மூன்று. தராசுக்கு ஐந்து.