பனிபைக்குக்கு 13 பல்லா, 14 பல்லா? செயினை வெட்டும் முன் ஒரு கணக்கு

450 சிசி மோட்டோகிராஸ் பைக்கின் பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங்ஆர்மையும் கழற்றிவிட்டு டிராக் (சுழலும் ரப்பர் பட்டை) கிட்டை மாட்டி, முன்சக்கரம் இருந்த இடத்தில் ஸ்கீயைப் பூட்டினால் பனிபைக் தயார். கனடாவின் ரெவல்ஸ்டோக் பக்கத்து மலைகளில் ஓட்டுகிறவர்கள் பலர் இந்த வேலையை வீட்டு கராஜிலேயே முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். போல்ட் பூட்டுவது ஒரு நாள் வேலை. எந்த ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), செயினில் எத்தனை லிங்க் என்ற இரண்டு கேள்விக்கும் சரியான விடை கிடைக்க எனக்கு ஒரு குளிர்காலமே ஆனது.

நான் செய்த தவறு, செயினை முதலில் வெட்டியதுதான். முன்னால் இருந்த 13 பல் ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விட்டு, அதற்கு அளந்து வெட்டிவிட்டேன். கியரிங்கை முடிவு செய்த பிறகுதான் செயினைத் தொட வேண்டும். ஏன் என்பது கணக்கில் தெரியும்.

முதலில், சக்கரத்துக்கும் டிராக்குக்கும் உள்ள வித்தியாசம். 19 அங்குல ரிம்மில் 110/90 டயரின் சுற்றளவு சுமார் 2.14 மீட்டர். 13க்கு 49 என்ற ஸ்ப்ராக்கெட் ஜோடியில், என்ஜினின் அவுட்புட் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் பைக் 57 செ.மீ. நகரும். இப்போது டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 3 அங்குல பிட்ச் (பல் கோக்கும் இடங்களுக்கு இடையிலான தூரம்), டிராக்கைச் சுழற்றும் டிரைவர் என்ற பற்சக்கரத்தில் 7 பல் என்றால், டிரைவர் ஒரு சுற்றுக்கு டிராக் நகர்வது 53 செ.மீ.தான். அதாவது டயரின் கால்வாசி. அதனால் பின்பக்கம் 49 பல் போன்ற பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு இங்கே வேலையே இல்லை. என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள ஜாக்ஷாஃப்ட் என்ற தண்டில் 18 பல், அங்கிருந்து டிரைவருக்கு ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், முன்னால் 13 பல்லுக்கு ஒரு சுற்றில் 38.5 செ.மீ., 14க்கு 41.5, 15க்கு 44.4. உங்கள் கிட்டில் பிட்சும் பற்களும் வேறாக இருக்கலாம். எண்ணிப் பார்த்துவிட்டு இதே கணக்கில் போடுங்கள்.

ஒரு பல் கூட்டினால் ஏழெட்டு சதவீதம் மாறும். கேட்க அற்பமாக இருக்கும், பௌடர் பனியில் அது அற்பமில்லை. ஸ்னோமொபைலில் பெல்ட் கிளட்ச் இருக்கிறது, சுமை ஏற ஏற விகிதம் தானாக மாறிக்கொள்ளும். நம்மிடம் இருப்பதோ ஐந்து கியர் பெட்டி. இடுப்பளவு பனியில் சரிவேறும்போது கியர் மாற்ற த்ராட்டிலை மூடினால், அந்த அரை நொடியில் பனி பைக்கை இழுத்துப் பிடித்து நிறுத்திவிடும். டிராக் வேகம் விழுந்தால் பைக் மிதப்பதை விட்டு உள்ளே புதையத் தொடங்கும். ஆகவே கேள்வி டாப் ஸ்பீடைப் பற்றியது அல்ல. நீங்கள் வழக்கமாக ஏறும் சரிவை, கியர் மாற்றாமல் எந்த ஒரு கியரில் ஏறி முடிக்க முடியும் என்பதே கேள்வி.

13 போட்டால் மூன்றாவது கியர் சளைக்காமல் இழுக்கும். ஆனால் பனி கொஞ்சம் இறுகியிருந்தாலே என்ஜின் உச்ச ஆர்பிஎம்மில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நான்காவது தட்டினால் இழுவை போதாது. 14 போட்டால் அந்த முட்டல் குறையும், மூன்றாவதிலேயே நீண்ட நேரம் நிற்கலாம். 15ஐ நான் இறுகிய டிரெயிலுக்கு மட்டும்தான் சொல்வேன். ஆழ்ந்த பனியில் அது கிளட்சைத் தின்கிறது. 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் 14ஐயே யோசித்துத்தான் போட வேண்டும்.

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத என்ஜின் 1000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். ரெவல்ஸ்டோக் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 480 மீட்டரில் இருக்கிறது. சுற்றியுள்ள மேடுகள் 2000ஐத் தாண்டும். ஊரில் டிரக்கை விட்டு இறக்கும்போது துள்ளிய பைக், மேலே போனதும் இரண்டு பல் கூட்டியது போல மந்தமாகிவிடும். அமெரிக்காவில் மொன்டானாவின் குக் சிட்டி போன்ற இடங்களில் ஊரே 2300 மீட்டரில் இருக்கிறது. அங்கே போகிறவர் தாழ்வான ஊர்க்காரர் சொல்லும் பல் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் பெட்ரோலைச் சரிசெய்யுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது.

சரி, செயினுக்கு வருவோம்.

520 அளவுச் செயினின் பிட்ச், அதாவது ஒரு லிங்க்கின் நீளம், 15.875 மி.மீ. எந்த ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினாலும் செயின் அரை பிட்ச் அதிகம் கேட்கும். இணைப்பு லிங்க் வைத்துக் கோக்க, மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். சுருக்கக் கணக்கு இது: மைய தூரத்தின் (இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் மையங்களுக்கு இடையிலான தூரம்) இரட்டிப்பைப் பிட்சால் வகுத்து, இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் கூட்டிப் பாதியாக்கிச் சேர்த்துவிடுங்கள். பற்களின் எண்ணிக்கை நெருக்கமாக இருந்தால் மிச்சம் பொருட்படுத்தும் அளவு இல்லை. மைய தூரம் 500 மி.மீ. என்றால் 13/18க்கு 78.5 வரும். 80 லிங்க் போட வேண்டும். மிச்சமுள்ள ஒன்றரை பிட்ச் தொய்வை வாங்க அட்ஜஸ்டரை 12 மி.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும். 14/18க்கு 79, தள்ள வேண்டியது 8 மி.மீ. 15/18க்கு 79.5, வெறும் 4 மி.மீ.

என் அட்ஜஸ்டரில் மொத்தம் 15 மி.மீ. இடம்தான் உண்டு. 13ல் புதுச் செயினே அதில் 12ஐத் தின்றுவிட்டது. மிச்சம் 3 மி.மீ. செயின் அரை சதவீதம் நீண்டதும் அதுவும் தீர்ந்தது. இரண்டு லிங்கை எடுத்துவிடலாம் என்று பார்த்தால் 78 எட்டவில்லை. எட்ட வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். அட்ஜஸ்ட்டும் செய்ய முடியாமல், வெட்டவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

அந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் குறுக்குவழி அரை லிங்க். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வளைந்த அந்த ஒற்றைத் துண்டைப் போட்டால் 79 லிங்க் ஆகும், தொய்வு 4 மி.மீ.க்குள் அடங்கிவிடும். நானும் போட்டேன். வளைந்த தகட்டில் இழுவிசை நேராக விழாது. மொத்தச் செயினில் பலவீனமான இடம் அதுதான். மூன்றாவது வாரம் பார்த்தபோது அந்தத் துண்டில் பின் (pin) நுழையும் துளை கண்ணுக்குத் தெரியும்படி நீள்வட்டமாகியிருந்தது. சாலையில் செயின் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாம். மலை மேல் அறுந்தால் என்ஜின் கேஸை உடைத்துவிட்டுப் போகக்கூடும், வழி முழுக்கப் பனி. அரை லிங்க்கை இந்த வேலைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங் டென்ஷனர் ரோலர் அதைவிட மேல்தான், ஆனால் ரோலரில் பனி உறைந்து சுற்றாமல் நின்றால் அதுவே செயினை அறுக்கும் அரமாகிவிடும்.

நல்ல வழி ஜாக்ஷாஃப்ட் பக்கம் இருந்தது. அங்கே 18ஐ எடுத்துவிட்டு 19 போட்டு, முன்னால் 14 வைத்துப் பாருங்கள். 19ஐ 14ஆல் வகுத்தால் 1.357. பழைய 13/18 தருவது 1.385. வித்தியாசம் இரண்டு சதவீதம், காலுக்கே தெரியாது. செயின் கணக்கோ 79.5க்கு வந்துவிடுகிறது. 80 லிங்க் செயினுக்கு அட்ஜஸ்டர் 4 மி.மீ. போதும். மிச்சம் 11 மி.மீ. இருப்பதால் செயின் 1.7 சதவீதம் நீளும்வரை தாங்கும், கிட்டத்தட்ட அதன் முழு ஆயுள். அரை லிங்க் செய்த வேலையை ஒரே ஒரு பல் செய்துவிட்டது.

இன்னொரு லாபமும் உண்டு. சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் கூர்மையாக மடிகிறது, வேகமும் பல்லுக்குப் பல் ஏறி இறங்குகிறது. 12 பல்லில் அந்த ஏற்ற இறக்கம் 3.4 சதவீதம், 13ல் 2.9, 14ல் 2.5. கவரைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை என்பதால் பலர் ஜாக்ஷாஃப்ட் பக்கம் போவதில்லை. முன் ஸ்ப்ராக்கெட் விலை குறைவு, கால் மணி நேரத்தில் மாறிவிடும். அந்த வசதி உண்மைதான். மலைக்கு மலை மாற்றுகிறவர்களுக்கு அதுவே சரி. ஆனால் வருடம் முழுக்க ஒரே மலையில் ஓட்டுகிறவர் ஒரு நாள் செலவழித்துப் பின்பக்கத்தைச் சரிசெய்வதே மேல்.

கிட்டைப் பிடிக்கும் ஸ்ட்ரட்டிலும் இரண்டு வகை. விறைப்பான கம்பி ஸ்ட்ரட் என்றால் மைய தூரம் மாறாது, குறைந்த தொய்வே போதும். ஷாக் வைத்த ஸ்ட்ரட் சவாரிக்கு எவ்வளவோ சுகம், ஆனால் டிராக்கை மூடியிருக்கும் டனல், ஸ்விங்ஆர்ம் இருந்த போல்ட்டைச் சுற்றி ஆடும். அவுட்புட் ஷாஃப்ட், ஸ்விங்ஆர்ம் போல்ட், ஜாக்ஷாஃப்ட் மூன்றின் மையமும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் அதிக டைட். ஸ்ட்ரட்டைக் கழற்றி, கிட்டை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே கொஞ்சம் தொய்வு இருக்கும்படி வையுங்கள். ஸ்டாண்டில் தொங்கவிட்டு அளந்த தொய்வை நம்ப வேண்டாம்.

தொய்வை ஒரு விரல் கூடுதலாகவே விடுங்கள், அதற்குக் காரணமும் உண்டு. மதியம் நிறுத்தி ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தால், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பனி கற்கண்டு போல இறுகி உட்கார்ந்திருக்கும். செயின் அதன் மேல் ஏறி ஓடும், காலையில் சரியாக இருந்த செயின் விண்ணென்று இறுகியிருக்கும். பள்ளத்தில் துளையோ வெட்டோ உள்ள ஸ்ப்ராக்கெட் அந்தக் கட்டியைப் பிதுக்கித் தள்ளிவிடும். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம்.

செயின் வகையில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சீல் இல்லாத செயின் லேசாக ஓடும், ஆனால் உருகி உறையும் தண்ணீர் ஒரே நாளில் எண்ணெயைக் கழுவிவிடும். சீல் வைத்த எக்ஸ்-ரிங் செயின் குளிரில் காலையில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், சூடேறினால் சரியாகிவிடும். நான் எக்ஸ்-ரிங்தான். இணைப்புக்கு ரிவெட் லிங்க். கிளிப் லிங்க் இரண்டு பையில் இருக்கிறது, ஒரு செயின் கட்டரோடு. மைனஸ் 15ல் கையுறையைக் கழற்றிவிட்டுக் கிளிப் போடும்போது அது பனியில் விழுந்தால் கிடைக்காது. அதனால்தான் இரண்டு. போடும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.