பழைய சன் அல்ட்ரா 5-ஐ நம்பிக் கொடுக்கலாமா? ஆபீசர்ஸ் லைன் பக்கத்து சர்வீஸ் கடை

வேலூர் ஆபீசர்ஸ் லைனிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது கடை. டிவி போர்டும் யுபிஎஸ்ஸும்தான் அங்கே முக்கிய வேலை. 1998-இல் வந்த சன் அல்ட்ரா 5 என்கிற சன் கம்பெனி கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் "என்ன சார் இது, பழைய சர்வரா?" என்றுதான் கடைக்காரர் கேட்பார். கேட்கட்டும். அதன் ஸ்பார்க் பிராசசர், சோலாரிஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று நாம் தெளிவாகச் சொன்னால் போதும், சால்டரிங்கில் மனிதர் கெட்டி.

காயலான் கடையிலிருந்து தூக்கி வந்த என் பெட்டிக்கு இரண்டு கோளாறு. பவர் சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது. எடுத்தாலும் ஐடிபிராம் (பெட்டியின் அடையாள விவரம்) செல்லாது என்று திரையில் காட்டிவிட்டு, ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப்எஃப் ஆக நிற்கும். இந்த இரண்டாவது, பழைய சன் பெட்டிகளுக்கு வழக்கமாக வரும் வியாதி. அந்த விவரத்தைப் பவர் இல்லாதபோதும் நினைவில் வைத்திருக்கும் எம்48டி59 என்கிற என்விராம் சிப்புக்குள்ளேயே பேட்டரியை வைத்து மூடிவிட்டார்கள், அது தீர்ந்தால் மேக் முகவரி (அதுதான் ஈதர்நெட் முகவரி), பெட்டியின் அடையாள எண்ணான ஹோஸ்ட் ஐடி எல்லாம் காலி. புது சிப் என்று ஆன்லைனில் வாங்கினால் பழைய ஸ்டாக் வந்து சேர வாய்ப்பு உண்டு, அதற்குள் இருக்கும் பேட்டரிக்கும் வயதாகியிருக்கும். அதனால் மூடியை ராவி, செத்த பேட்டரியைத் துண்டித்து, வெளியே சிஆர்2032 பட்டன் பேட்டரிக்கு ஹோல்டர் வைக்கச் சொன்னேன். கடிகாரத்துக்கான கிரிஸ்டலும் அதே மூடிக்குள்தான், கொஞ்சம் தவறினாலும் சிப் போச்சு. அவசரப்படாமல், லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து ராவினார். சிப் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, இதற்காக முழுப் பெட்டியையும் சுமக்க வேண்டாம்.

பவர் சப்ளையில் உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினார். இங்கேதான் எனக்குக் குறை. 85 டிகிரி சூடு வரை தாங்கும் வகையைப் போடப் பார்த்தார். வேலூர் மே மாத வெயிலில், மூடிய பெட்டிக்குள் அது எத்தனை நாள் தாங்கும்? 105 டிகிரி வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போடவைத்தேன், நீங்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், "நாளைக்கு வாங்க சார்" என்றால் அது நாளைக்கு இல்லை.

கீபோர்டு இல்லாவிட்டால் இந்தப் பெட்டி திரைக்குப் பதில் சீரியல் ஏ போர்ட் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு 9600 பாட் வேகத்தில் பேசும். அதற்குக் கேபிளும் அங்கேயே செய்து வாங்கினேன். பெட்டிப் பக்கம் 25 முள், நம் கம்ப்யூட்டர் பக்கம் 9 முள். ஒன்றில் அனுப்பும் முள் இருக்கும் எண்ணில் மற்றதில் வாங்கும் முள் இருப்பதால் 2-க்கு 2, 3-க்கு 3, கிரவுண்ட் 7-க்கு 5 என்று நேராகப் போட்டாலே நல் மோடம், அதாவது இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்கும் கேபிள், ஆகிவிடுகிறது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் சொன்னபடி பற்றவைத்தார், வேலை செய்தது.

மேக் முகவரியை, சோலாரிஸ் ஏறுவதற்கு முன் பெட்டி காட்டும் ஓகே பிராம்ப்ட்டில் எம்கேபி (mkp) கட்டளையால் நாமேதான் எழுத வேண்டும், 08:00:20 என்று தொடங்கினால் சன்னுடையது. சிப் இன்னும் உயிரோடு இருந்தால் அதே பிராம்ப்ட்டில் பேனர் (banner) கட்டளை கொடுத்து முகவரியையும் ஹோஸ்ட் ஐடியையும் குறித்துக்கொண்டு போங்கள். கூலி நியாயம்தான், பில் கேட்டால் தருவார். சிஆர்டி மானிட்டர் மட்டும் எடுப்பதில்லை, தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.