ஆயில் குடிக்கும் காரோடு நாலரை வருஷம்

"ஆயில் கொஞ்சம் குடிக்குமுங்க. மத்தபடி வண்டியில குறை சொல்ல ஒண்ணுமில்ல."

2021 மார்ச்சில் திருப்பூரில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பானட்டைத் திறப்பதற்கு முன்பே இதைச் சொன்னார் விற்றவர். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதே மாடலில் அதற்கு முன் மூன்று வண்டி பார்த்திருந்தேன். மூன்று பேரும் எஞ்சின் ஆயில் குறைவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வண்டியின் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பாதி தீர்ந்த ஆயில் கேன் கிடந்தது. இன்னொன்றில் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பசை மாதிரி ஒட்டியது. புகை தெரியாமல் இருக்க யாரோ 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்திருந்தார்கள். டர்போ எஞ்சினுக்கு அதைச் செய்வது பாவம்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இரண்டு கை மாறி என்னிடம் வந்த ஒரே ஒரு வண்டியை வைத்து ஒரு கம்பெனியின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. சின்ன உடம்பு, டர்போ பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், ஆயில் குடிக்கும் என்று அந்த மாடலுக்கே பேர். இதே குணமுள்ள எந்த வண்டியை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

பிறகு ஏன் வாங்கினாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் அது இழுக்கிற இழுப்புக்காகத்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியும். என் சம்பளத்துக்கு அந்தச் சுகம் புதுவண்டியில் எட்டாது. கேட்டது 5,20,000, முடித்தது 4,75,000. ஆயில் பிரச்சினை இல்லை என்று சொல்லி விற்கப்பட்ட வண்டிகள் அப்போது ஆறு லட்சத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. குறைந்த அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தை நான் மிச்சமாக நினைக்கவில்லை, எஞ்சின் வேலைக்கு முன்பணமாக எடுத்து வைத்தேன். இந்த முழு அனுபவத்தில் நான் எடுத்த சரியான முடிவு இதுதான்.

வாங்கும் முன் பார்த்தவற்றைச் சொல்கிறேன். வண்டியைக் குளிர்ந்த எஞ்சினோடு காட்டச் சொல்லி, காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். நாம் போவதற்கு முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் பாதி விஷயம் மறைந்துவிடும். சைலன்சர் வாயில் விரலை விட்டால் ஒட்டுகிற கரி உலர்ந்து வருகிறதா, எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறதா என்று பார்த்தேன். பிசுக்கோடுதான் வந்தது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கப் பார்த்தேன். உள்ளிருந்து பலமாக இழுத்துப் பிடித்துக்கொண்டாலோ விசில் அடித்தாலோ எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் வால்வின் ரப்பர் சவ்வு (டயாப்ரம்) கிழிந்திருக்கலாம். இந்த வண்டியில் அப்போது அது நன்றாக இருந்தது. பிறகு அரை மணி நேரம் ஓட்டினோம். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு, கியரிலேயே உருளவிட்டு, கீழே வந்ததும் சட்டென்று மிதித்தேன். அந்தச் சமயத்தில் நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு சீல் பக்கம் சந்தேகப்படலாம். டர்போ அழுத்தத்தில் தொடர்ந்து இழுக்கும்போது வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், அல்லது டர்போ. எனக்கு எதிலும் கண்ணுக்குத் தெரியும் புகை வரவில்லை. ஆயில் குடிக்கிற வண்டி எல்லாமே புகை தள்ளும் என்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எரிந்தாலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

கோவை கணபதியில் பத்து வருஷமாக என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று கம்ப்ரஷன் போட்டுப் பார்த்தார். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நான் சந்தோஷப்பட்டேன். அவர் படவில்லை.

"கம்ப்ரஷன் நல்லாத்தானுங் தம்பி இருக்குது. அத நம்பி ஏமாந்துறாதீங்க. கம்ப்ரஷன புடிக்கிறது மேல் ரிங்கு. ஆயில வழிக்கிறது கீழ் ரிங்கு. அது ஒட்டிக் கெடந்தாலும் இந்த மீட்டர் நல்லாத்தான் காட்டும்."

மூன்று வருஷம் கழித்து எஞ்சினைப் பிரித்தபோது அவர் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே நடப்பது இதுதான். மைலேஜுக்காக உராய்வைக் குறைக்க, கார் கம்பெனிகள் பிஸ்டன் ரிங்குகளை மெலிசாகவும் இறுக்கம் குறைவாகவும் செய்தன. ஆயில் ரிங் சிலிண்டர் சுவரிலிருந்து வழித்தெடுக்கும் எண்ணெய், பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாகக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்குத் திரும்ப வேண்டும். டர்போ சூட்டிலும், நாள்பட்ட ஆயிலிலும் அந்தத் துளைகள் கரி பிடித்து அடைபட்டால் ரிங்கும் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். சுவரிலேயே தங்கிவிடும் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். டர்போ இல்லாத எஞ்சின்களும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்காவில் டொயோட்டாவே தன் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினுக்கு உத்தரவாதத்தை நீட்டி, 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல் குடித்த வண்டிகளுக்குப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தது. நம் கணக்கில் அது ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர்.

அதே அரை லிட்டரைத்தான் பல ஐரோப்பிய வண்டிகளின் கையேடு 'இயல்பு' என்கிறது. சிலவற்றில் ஒரு லிட்டர் வரைகூடப் போகிறது. நான் போன சர்வீஸ் சென்டரிலும் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டி, "வரம்புக்குள்ளதான் சார் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. என் சம்ப் கொள்ளளவு நாலு லிட்டர். சர்வீஸ் இடைவெளி 15,000 கிலோமீட்டர். அரை லிட்டர் கணக்கில் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே ஏழரை லிட்டர் எரிந்திருக்கும். நடுவில் ஊற்றாதவன் எஞ்சின் பாதி வழியிலேயே செத்திருக்கும். 'இயல்பு' என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? வண்டியை எடுக்கும்போதே, மாதம் இரண்டு முறை டிப்ஸ்டிக் பாருங்கள் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் எத்தனை எஞ்சின் பிழைக்கும்.

ஆகவே அளக்க ஆரம்பித்தேன். சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து, டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்வேன். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, அதே இடத்தில், அதே மாதிரி நிறுத்தி, மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி ஊற்றினேன் என்று எழுதுவேன். நோட்டு டேஷ்போர்டிலேயே இருக்கிறது. முதல் அளவு 450 மில்லி. லிட்டர் சுமார் 900 ரூபாய் வீதம், ஆயிரம் கிலோமீட்டருக்கு 400 ரூபாய் ஆயில். அதே ஆயிரம் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஏழாயிரத்துக்கு மேல் ஆகும். எண்ணெய்ச் செலவு ஒரு பொருட்டே இல்லை, மறதிதான் ஆபத்து.

ஆயிலை 7,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினேன். கம்பெனி அனுமதித்த இரண்டு கிரேடில் 5டபிள்யூ-30 இலிருந்து, சூட்டில் சற்றுக் கெட்டியாக நிற்கும் 5டபிள்யூ-40 க்கு மாறினேன். ஐம்பது மில்லி குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவம் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்ததில் என் வண்டிக்கு ஒரு பலனும் இல்லை.

இனி 2022 டிசம்பர். ஆபீஸில் வேலை நெருக்கிய சமயம். நோட்டில் கடைசிக் குறிப்புக்குப் பிறகு 2,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மனைவியும் மகளும் கூட வர, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குக் கிளம்பினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ரோடு, அந்தக் காரை வாங்கியதே அப்படிப்பட்ட ரோட்டுக்காகத்தான். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நின்று ஆழியாறு அணையைப் பார்த்துவிட்டு ஏறினோம். அடுத்த சில வளைவுகளில் ஒன்றில், ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பியிருந்த கணத்தில், சிவப்பு ஆயில் விளக்கு ஒரு விநாடி மின்னி அணைந்தது.

அந்த விளக்கு ஆயில் மட்டத்தைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. இப்படி வளைவில் மின்னினால், பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். சாலையோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். டிப்ஸ்டிக் உலர்ந்து வந்தது. டிக்கியில் இருந்த ஒரு லிட்டர் கேனை முழுக்க ஊற்றியும் கீழ்க் கோட்டைச் சற்றுத் தாண்டித்தான் நின்றது. மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கேன் மலைமேல் கிடைக்கும் என்று நம்பி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி, மெதுவாக இறங்கி, பொள்ளாச்சியில் ஆயில் வாங்கி நிரப்பி வீட்டுக்கு வந்தோம். சத்தம் ஒன்றும் வரவில்லை. தப்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் பிரீதர் வால்வை மாற்றினோம். டயாப்ரம் அதற்குள் கிழிந்திருந்தது. 700 மில்லியைத் தொட்டிருந்த அளவு 520 க்கு இறங்கியது. பிறகு ஒரு வருஷத்துக்கு நோட்டில் எண்கள் விடாமல் ஏறின. 2024 பிப்ரவரியில், 90,000 கிலோமீட்டரில், 950. அளவைவிட அது ஏறுகிற வேகம்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. அரை லிட்டரிலேயே நின்றிருந்தால் ஊற்றி ஊற்றியே ஓட்டியிருப்பேன். இதற்கு மேல் விட்டால் பிளக், ஆக்ஸிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று வரிசையாகப் போகும்.

எஞ்சினை இறக்கிய அன்று லீவு போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்தேன். ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டர் சுவரில் எண்ணெய் நிற்பதற்காகக் கீறியிருக்கும் ஹோனிங் கோடுகள் அழியாமல் இருந்தன, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணத் தேவையில்லை. பிஸ்டனை உருவியபோது ஆயில் ரிங் பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டியிருந்தது. துளைகள் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் பிறகு, பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்தில் இருக்கும் ராடு பேரிங்குகளைத் துடைத்து என் கையில் கொடுத்தார். இரண்டில் வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது.

"எப்பவாச்சும் ஆயில் இல்லாம ஓடுச்சுங்ளா தம்பி?"

வால்பாறைக் கதையைச் சொன்னேன். ஒரு விநாடி என்றேன். "வெளக்கு ஒரு விநாடி எரிஞ்சுது. அதுக்கு முன்னாடி எத்தன வளவுல காத்த இழுத்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்றார். இப்போது பிரிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பேரிங் உருண்டு கிராங்க்கும் போயிருக்கும். ஆயில் வேலைக்காகப் பிரித்ததில்தான் அது தெரிந்தது.

புதுப் பிஸ்டன் செட், ரிங், பேரிங், டைமிங் செயின், ஹெட் போல்ட், கேஸ்கட் செட், லேபர் எல்லாம் சேர்த்து 1,48,000 ரூபாய், 19 நாள். அடைந்த துளைகளைச் சுத்தம் செய்து பழைய பிஸ்டனையே போட்டால் முப்பதாயிரம் மிச்சமாகியிருக்கும். அதே சின்னத் துளைகள் திரும்ப அடைபடும் என்று அண்ணன் சொன்னதால் அதற்கு ஒப்பவில்லை. பின்னாளில் வந்த பிஸ்டனில் துளைகள் பெரிதாக இருந்தன, அதையே வரவழைத்தோம். எடுத்து வைத்திருந்த முன்பணத்தோடு ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவாகக் கைவிட்டுப் போட்டேன்.

அதன் பிறகு முதல் ஆயிரத்தில் 150 மில்லி. 95,000 இல் 80. இப்போது 1,06,000 தாண்டியும் நூறுக்குள்தான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது முன்பிருந்த செயின் சலசலப்பும் போய்விட்டது.

போன மாதம் தங்கை மாப்பிள்ளை இதே மாடலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். 4,40,000 சொல்கிறார்களாம், ஆயிலே குறையாது என்கிறார்களாம். விற்கிறவர் சம்மதித்தால் மேல் கோடு வரை நிரப்பி இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள் மாப்பிள்ளை, கோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிய இறங்கினாலே ஒன்றரை லட்சத்தை விலையில் கழித்துப் பேசுங்கள், அதற்கு ஒத்துவராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். காலை ஏழு மணிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.